நிமிஷத்துக்கு நூத்தி எழுபது

அந்தக் கம்பிங்களா மேடம்? அது திரைக் கம்பிங்க. ஆமாங்க, திரை இல்லைங்க. இருந்துச்சு. பச்சைக் கலரு. வாரம் ஒருக்கா நானே தொவைச்சுப் போடுவேன். உங்க இன்ஸ்பெக்‌ஷன் ஃபாரத்துல திரை இருக்குதான்னு கேட்டிருந்தா இருக்குதுன்னே போட்டுக்கங்க. அக்கட்ட கட்டிலைச் சுத்தி வெள்ளைத் திரை தொங்குது பாருங்க, பேஷன்ட்டுக்கு மறைப்பு அதுதான். இந்த மூலைக் கம்பி பேஷன்ட்டுக்கு இல்லீங்க. இது மறைச்சது என்னைய.

உக்காருங்க. டாக்டரம்மா ஈரோட்டுல மீட்டிங் முடிஞ்சு கெளம்பிட்டாங்களாம், அரை மணி நேரத்துல வந்துருவாங்க. அதுவரைக்கும் நீங்க கேக்கறதுக்கு நானே சொல்றேன். தீயணைக்கற சிலிண்டரு கதவுக்குப் பின்னால இருக்குது. ஜெல் பாட்டிலை வெந்நீர்ல வச்சுத்தான் எடுப்பேன், சில்லுன்னு வவுத்துல வச்சா பொண்ணுங்க துள்ளிருதுங்க. ஒரு ஆளுக்கு ஒரு விரிப்பு. பாத்ரூம் நீங்களே போய்ப் பாத்துக்கங்க, நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம்.

என் பேரு மயிலாத்தா. மயிலக்கான்னு கூப்பிடுவாங்க. இந்த ஸ்கேன் சென்டருக்கு வந்து ஒம்பது வருஷம். பேரு கூப்பிடறது, தண்ணி குடுக்கறது, நீர் முட்டிருச்சான்னு கேக்கறது, கட்டில்ல ஏத்தி எறக்கறது, எல்லாம் நான்தான். அதுக்கு முன்னாடி ஸ்பின்னிங் மில்லுல பதினோரு வருஷம். அங்கதான் இந்த வாய் வேலையெல்லாம் பழகுனது. மெஷின் ஓடற எரைச்சல்ல பேச முடியாதுங்களே, சும்மா நிக்கறதுக்கு மெஷின் மாதிரியே சத்தம் குடுத்துப் பாப்பேன். பாபின் சுத்தறது, பெல்ட்டு அந்து போறது. ஒருக்கா பெல்ட்டு அந்து போற சத்தத்தைக் குடுத்து சூப்பர்வைசரு அந்தக் கோடியில இருந்து வேட்டியத் தூக்கிக் கட்டிட்டு ஓடியாந்தாரு. அப்பறம் சூப்பர்வைசரு ஓடியாற சத்தத்தையும் பழகிட்டேன்.

மனுசங்க குரலும் வருங்க. எங்க டாக்டரம்மா எப்படிப் பேசுவாங்க தெரியுங்களா? "மூச்சை... இழுத்துப் புடிங்க... ம்... விடலாம்." பாத்தீங்களா, அந்த நடுவுல வர்ற 'ம்'. அதுலதான் எல்லாம் இருக்குது. கொழந்தையோட துடிப்பு தட்டுப்பட்டாத்தான் அந்த 'ம்' வரும். பேஷன்ட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மாமியாருங்க ஒரு தினுசு. "ஏனுங் டாக்டரு, எல்லாம் நல்லா இருக்குதுங்களா, மூக்கு எங்க பக்கமுங்களா அவங்க பக்கமுங்களா?" ஏழு வாரம்மா அது, மூக்கே இல்லைம்மா. புருசனுங்க அதுக்கு மேல. ஒருத்தரு ஸ்கேன் டிவியப் பாத்துட்டு எங்கப்பா மாதிரியே இருக்குதுங்கன்னு அழுதாரு. அவரு பாத்தது அவரு சம்சாரத்தோட நீர்ப்பை.

சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நான் சிரிக்க மாட்டேன். செஞ்சு காட்டறவங்க சிரிச்சா போச்சு.

சரி, திரைக்கு வர்றேன். எங்க டாக்டரம்மா இந்துமதி ஒரு விசயத்துல நெம்பக் கறாருங்க. ஆரம்ப மாசத்துல கொழந்தை நெஞ்சுச் சத்தத்தை மெஷின்ல வைக்க மாட்டாங்க. டிவியில துடிக்கறதப் பாத்து, கோடு வரைஞ்சு, நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணிருவாங்க. அதோட சரி. சத்தம் வேணும்னா ஒரே எடத்துல பலமா அலை அடிக்கோணுமாமா. ஒம்பது வாரத்துக் கொழந்தை ஒரு நெலக்கடலை அத்தனைதான் இருக்கும், அது மேல எதுக்குங்க அத்தனை அலை, அஞ்சாறு மாசம் ஆகட்டும், ஆசை தீரக் கேளுங்கம்பாங்க. படிச்சுப் படிச்சுச் சொல்லுவாங்க. இதையும் எழுதிக்கங்க மேடம். இந்த டவுன்ல வேற யாரும் இப்படிப் பாக்கறதில்லை.

ஆனா ஜனங்களுக்கு அது புரியறதில்லைங்களே. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு சென்டரு இருக்குது. அங்க ஆறாவது வாரத்துலயே ஸ்பீக்கர்ல வச்சு ரோடு வரைக்கும் கேக்க வைப்பாங்க. அதைக் கேட்டுட்டு வந்தவங்க இங்க வந்து, என்னங்க உங்க மெஷினு ஊமை மெஷினான்னு கேப்பாங்க. டாக்டரம்மா மறுபடியும் முதல்ல இருந்து நெலக்கடலையச் சொல்லுவாங்க. அந்தம்மா சொல்றப்ப இவங்க செருப்பு மாட்டிட்டிருப்பாங்க.

ஒரு ஆடி மாசம், வெள்ளிக்கெழமை. அம்மாபேட்டையில இருந்து ஒரு பொண்ணு, கூட மாமியா. சத்தம் கேட்டாத்தான் ஊட்டுல நம்புவாங்கன்னு அந்தப் பொண்ணு கெஞ்சுது. டாக்டரம்மா முடியாதுன்னுட்டாங்க. மாமியா ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, அந்தப் பொண்ணு அப்படியே கட்டில்ல ஒடுங்கிப் போச்சு. நான் இந்த மூலையில பிரிண்டருக்கு பேப்பர் வச்சிட்டிருந்தேன். முதுகு அவங்க பக்கம். என்னமோ தோணுச்சு, நாக்கை மேல வச்சு, கன்னத்தைக் குழிச்சு, விட்டேன். தப்பு தப்பு தப்பு தப்புன்னு.

ரூமே நின்னுபோச்சுங்க. மாமியா கையெடுத்துக் கும்பிட்டுச்சு. டாக்டரம்மா மெஷினைப் பாக்கறாங்க, எந்தப் பட்டனைத் தொட்டோம்னு. தொட்டது எதுவும் இல்லை. அப்பறம் தலையத் திருப்பி என் முதுகைப் பாத்தாங்க. நான் பேப்பரை அடுக்கிட்டே இருக்கறேன்.

அவங்க போனதும் கதவைச் சாத்தச் சொன்னாங்க. வேலை போச்சுன்னு நெனச்சேன். அந்தம்மா ஸ்டூல்ல உக்காந்து கர்ச்சீப்பை வாயில வச்சுட்டுச் சிரிக்கறாங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. ஒம்பது வருஷத்துல அந்தம்மா சிரிச்சு நான் பாத்தது அன்னைக்கு மட்டும்தான். சிரிச்சு முடிச்சுட்டு, இனிமே இந்த வேலை வேண்டாம் மயிலக்கான்னாங்க. சரிங்கன்னேன். எந்திரிச்சுப் போனவங்க கதவுகிட்ட நின்னு, "அந்தக் கொழந்தைக்கு நூத்தி எழுபத்தி ரெண்டு. நீங்க நூத்தி இருபதுல போட்டீங்க. அவ்வளவு மெதுவா இருந்தா அது நல்லதில்லைக்கா" அப்படின்னாங்க.

நான் சும்மா இருப்பனுங்களா? அந்தச் செவுத்துக் கடியாரத்துல நொடி முள்ளை வச்சுப் பழகுனேன். நூத்தி எழுபதுன்னா ஆறு நொடிக்குப் பதினேழு. நூத்தி நாப்பதுன்னா மூணு நொடிக்கு ஏழு. ஊட்டுல அரிசி களையறப்ப, பஸ்ஸுல நிக்கறப்ப, எல்லாம் இதுதான். எல்லாஞ்செரி, சத்தம் வறண்டு இருந்துச்சு. குதிரை ஓடறாப்புல. வவுத்துக்குள்ள அப்படி இருக்காதுங்களே, அங்க எல்லாம் தண்ணி. அதனால நாக்குக்கடியில அரை வாய் தண்ணி வச்சுட்டுப் பாத்தேன். வந்துருச்சு. கண்ண மூடிட்டுக் கேட்டா மெஷினுக்கும் எனக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

அதுக்கடுத்த வாரம் இன்னொரு பொண்ணு, அழுதுட்டே. டாக்டரம்மா சத்தம் வைக்க முடியாதும்மான்னுட்டு, கோடு வரைஞ்சு எண்ணுனாங்க. அப்பறம் டிவியப் பாத்துட்டே, வழக்கத்தை விடக் கொஞ்சம் சத்தமா, "நூத்தி அறுபத்தெட்டு" அப்படின்னாங்க. அவ்வளவுதான். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லலீங்க. நான் தண்ணிய வாயில வச்சேன்.

பத்து நாள் கழிச்சு டெய்லர் வந்து கம்பிக்கு அளவெடுத்தாரு. என்னங்கம்மா இதுன்னேன். பிரிண்டர்ல தூசி படியுதுன்னாங்க.

ஒண்ணரை வருஷங்க. டாக்டரம்மா எண்ணைச் சொல்லுவாங்க, நான் இருபது நொடி குடுப்பேன், நிறுத்திருவேன். இருபது நொடி போதும். எச்சாப் போனா ஜனம் கவனிக்க ஆரம்பிச்சுரும். கம்மியாப் போனா ஏமாந்த மாதிரி ஆயிரும். இதுல பொய் என்னங்க இருக்குது? டாக்டரம்மா சொல்ற எண்ணு அந்தந்தக் கொழந்தையோட எண்ணு. நிசமாலுமே துடிக்கறது. வாய் மட்டும் என்னுது. கொழந்தைக்கும் எந்த அலையும் அடிக்கலை. பஸ் ஸ்டாண்டு சென்டர்ல அடிக்கறாங்களே, அவங்ககிட்டப் போய்க் கேளுங்க மேடம் பாதுகாப்பைப் பத்தி.

டீ ஆறுது, குடிங்க.

ரேணுகாதேவின்னு ஒரு பொண்ணு. முப்பத்தொரு வயசு. புருசன் தனபாலு ஈ.பி.யில லைன்மேன். கல்யாணமாகி எட்டு வருஷம். இதுக்கு முன்னாடி ரெண்டு கரு தங்கி, ரெண்டும் மூணு மாசத்துக்குள்ள போயிருச்சு. எங்ககிட்ட மொத தடவை ஏழாவது வாரம் வந்துச்சு. துடிப்பு நல்லா இருந்துச்சு, டாக்டரம்மா எண்ணு சொன்னாங்க, நான் குடுத்தேன். அந்தப் பொண்ணு அழுகல, சிரிக்கல. கண்ண மூடிட்டு உதட்டை அசைச்சு எண்ணுச்சு. திரைச் சந்துல பாத்தேன். நான் ஒரு தட்டு தட்டுனா அது ஒரு எண்ணு எண்ணுது. எனக்குப் பயமாப் போச்சு, தப்பு வந்துருமோன்னு. வரலை.

அடுத்தது பத்தாவது வாரம். வந்ததும் நேரா என்கிட்ட வந்து, "அக்கா, நீங்களே தண்ணி ஊத்திக் குடுங்க. அன்னைக்கு நீங்க குடுத்து நல்லபடியா இருந்துச்சு" அப்படின்னுச்சு. எனக்குக் கைராசியாமா. நாலு டம்ளர் ஊத்திக் குடுத்தேன். அஞ்சாவது டம்ளர்ல எனக்கு அரை வாய் எடுத்துட்டுத் திரைக்குள்ள போயிட்டேன்.

ரூமுக்குள்ள தனபாலு மட்டும், கட்டில் கால்மாட்டுல நிக்கறாரு. மாமியா வெளிய பெஞ்சுல. டாக்டரம்மா ஜெல்லு வச்சு, கைய வச்சு, பாக்கறாங்க. 'ம்' வரலை.

நான் கடியாரத்தப் பாக்கறேன். இப்படித் திருப்பறாங்க, அப்படித் திருப்பறாங்க. 'ம்' வரலை. எண்ணும் வரலை. ரேணுகா மெதுவா, "டாக்டர், சத்தம்?" அப்படின்னுச்சு. டாக்டரம்மா பேசலை. ஒரு நொடி. ரெண்டு. மூணு. மேடம், நான் கல்யாண ஊட்டுல, மில்லு ஆண்டு விழாவுல எல்லாம் நின்னு பண்ணியிருக்கறேன். ஒரு ஆளு கேட்டு மூணு நொடிக்குள்ள குடுக்கலைன்னா விட்டுப்போயிரும். அப்பறம் என்ன குடுத்தாலும் ஏறாது. அன்னைக்குக் காலைல இருந்தே டாக்டரம்மாவுக்கு ஃபோன் மேல ஃபோன். மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். ஏழாவது நொடி. நானே ஆரம்பிச்சுட்டேன். பத்து வாரம்னா நூத்தி எழுபதுக்குக் கிட்டத்தான் இருக்கும், எனக்குத் தெரியாதுங்களா.

அன்னைக்கு வந்த மாதிரி என்னைக்கும் வந்ததில்லைங்க. அப்படியே உருண்டு வந்துச்சு. ரேணுகா இந்தத் தடவை எண்ணலை. வாயத் தொறந்து சிரிச்சுட்டே அழுதுச்சு. தனபாலு அவங்க கொலசாமி பேரச் சொல்றது கேட்டுச்சு. சந்துல பாத்தேன், டாக்டரம்மா திரும்பலை. கை அந்தப் பொண்ணு வவுத்து மேல வச்சது வச்சபடி. நிறுத்துங்கன்னு சொல்லலை. தலையக்கூட அசைக்கலை.

நானும் நிறுத்தலை. நடுவுல வெட்டினா தெரிஞ்சுரும்ங்களே. இருபது நொடி முடிச்சுத்தான் விட்டேன்.

அப்பறம் டாக்டரம்மா வவுத்தத் தொடைச்சு விட்டாங்க. அது என் வேலை. அன்னைக்கு அவங்களே தொடைச்சாங்க. எந்திரிச்சு உக்காரச் சொல்லி, கையப் புடிச்சுட்டு, "துடிப்பு இல்லை ரேணுகா. வளர்ச்சி ஒம்பது வாரத்தோட நின்னுருக்குது" அப்படின்னாங்க.

அந்தப் பொண்ணு சிரிச்ச மொகம் மாறலை. "இப்பத்தானுங்களே கேட்டேன்" அப்படின்னுச்சு.

டாக்டரம்மா, அது உங்க ரத்தக் கொழாய்ச் சத்தமா இருக்கும்மான்னாங்க. என்னுதுங்களா, அத்தனை வேகமாவான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. டாக்டரம்மா ரிப்போர்ட் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பிரிண்டரு எனக்குப் பக்கத்துலதான். பேப்பர் வெளிய வருது. எடுத்துக் குடுக்கோணும். திரைக்கு வெளிய கைய மட்டும் நீட்டிக் குடுத்தேன்.

நீங்க பாக்கற பார்வை புரியுதுங்க. அப்பவே வெளிய வந்து சொல்லியிருக்கலாமேன்னு. வாயில தண்ணி இருந்துச்சுங்க.

அவங்க போயிட்டாங்க. உள்ள தங்கறது நல்லதில்லை, நாலஞ்சு நாளைக்குள்ள ஆஸ்பத்திரியில சேந்து எடுத்துரோணும்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்து அனுப்புனாங்க. அந்தப் பொண்ணு போகலை. ஈரோட்டுல ஒரு எடத்துல பாத்தாங்களாம், துடிப்பு இல்லைன்னாங்களாம். குமாரபாளையத்துல ஒரு எடம், அங்கயும் அதேதான். உங்க மெஷினு செரியில்லைன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருச்சாமா. எங்காதால கேட்டேன், எங்க ஊட்டுக்காரரும் கேட்டாருன்னு. டாக்டரம்மா தனபாலுக்கு மூணு தடவை ஃபோன் போட்டாங்க. அவரும் என்ன பண்ணுவாரு, அவரும்தான் கேட்டாரு.

அந்த நாளுல டாக்டரம்மா என்கிட்டப் பேசறதே இல்லை. எண்ணைச் சொல்றதும் இல்லை, கோடு வரைவாங்க, எழுதுவாங்க, அனுப்பிருவாங்க. நான் சைகைக்கு முன்னாடி ஆரம்பிச்சுட்டேன்னு கோவம்னு நெனச்சேன். ஒரு நாள் நானே போய், இனிமே நீங்க எண்ணு சொன்னதுக்கு அப்பறந்தான் ஆரம்பிப்பேங்கம்மான்னு சொன்னேன். என்னையப் பாத்தாங்க. நெம்ப நேரம் பாத்தாங்க.

பதினேழாவது நாள், மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும், தனபாலு ஃபோன். குளிர் காய்ச்சல், ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது, போக்கு நாத்தம் அடிக்குது, ஆனா வண்டியில ஏற மாட்டேங்குதுங்கன்னு. உசுரோட இருக்கற கொழந்தையக் கழுவி விடப் பாக்கறீங்கன்னு கதவு நெலவைப் புடிச்சுட்டு நிக்குதாமா. வெளிய பதினோரு பேரு நீர் முட்டிட்டு உக்காந்திருக்காங்க. டாக்டரம்மா எந்திரிச்சு சாவிய எடுத்துட்டு, மயிலக்கா, வாங்கன்னாங்க.

அவங்க காருல நான் முன்னாடி உக்காந்தது அதுதான் மொத தடவை. வாய்க்கால் பாலம் தாண்டுனதும் ரோட்டப் பாத்துட்டே, "நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க செஞ்சு காட்டுங்க" அப்படின்னாங்க.

சரிங்கன்னேன். ரெண்டு நாளா எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. அங்க போனதும் கொஞ்சம் வெதுவெதுன்னு தண்ணி கேக்கோணும்னு நெனச்சுட்டேன்.

ஈ.பி. குவார்ட்டர்ஸ். மாமியா வாசல்லயே நிக்குது. எங்களைப் பாத்ததும் காப்பி வைக்கட்டுங்களான்னு கேட்டுச்சு. நான் தண்ணி போதுங்க, சூடு பண்ணிக் குடுங்கன்னேன். உள்ள கட்டில்ல அந்தப் பொண்ணு. பங்குனி வெயிலு, ரெண்டு போர்வை போத்தியிருக்குது, அப்பவும் பல்லு கிட்டுது. ரூமுல நாத்தம். பத்தி கொளுத்தி வச்சிருந்தாங்க.

டாக்டரம்மா கட்டில் ஓரத்துல உக்காந்தாங்க. "ரேணுகா, அன்னைக்கு நீ கேட்டது உன் கொழந்தை இல்லைம்மா" அப்படின்னாங்க. அது செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துருச்சு. டாக்டரம்மா என்னையப் பாத்தாங்க.

மாமியா டம்ளரக் கொண்டாந்து குடுத்துச்சு. அரை வாய் எடுத்தேன். திரை இல்லாம செய்யறது அன்னைக்குத்தான் மொத தடவைங்க. கை எங்க வைக்கறதுன்னே தெரியலை. அந்த ஊட்டுல கடியாரம் கண்ணுக்குப் படலை. மனசுலயே ஆறு நொடிக்குப் பதினேழுன்னு புடிச்சுட்டு ஆரம்பிச்சேன்.

அந்தப் பொண்ணு டக்குன்னு திரும்புச்சு. மொதல்ல அது வவுத்தைத்தான் பாத்துச்சு. போர்வைய விலக்கி வவுத்தப் பாக்குது. அப்பறம் டாக்டரம்மா கையப் பாக்குது, கையில எதுவும் இல்லை. அப்பறம் என் வாயப் பாத்துச்சு.

பாத்துட்டே இருந்துச்சு. என் கன்னம் குழியறது, உதடு அசையறது, எல்லாம். பின்னால மாமியா, அப்ப அன்னைக்கு எங்க பையனுக்குக் கேட்டது இதுதானுங்களான்னுச்சு. தனபாலு என்னையப் பாக்கலை. டாக்டரம்மாவையே பாத்துட்டு நின்னாரு.

இருபது நொடி ஆயிருச்சு. நிறுத்தோணும். எனக்கு நிறுத்த வரலைங்க. அந்தப் பொண்ணு மறுபடியும் உதட்டை அசைச்சு எண்ண ஆரம்பிச்சிருந்துச்சு. எண்ணிட்டிருக்கறப்ப எப்படி நிறுத்தறது? முப்பது. நாப்பது. ஒரு நிமிஷம் இருக்கும். அத்தனை நேரம் நான் குடுத்ததே இல்லை. கடவாயில தண்ணி ஒழுகுது. மூச்சு முட்டுது. எண்ணு தப்பக் கூடாதுன்னு மட்டும் பாத்துட்டிருக்கறேன்.

அப்ப அது போர்வைக்குள்ள இருந்து கைய எடுத்துச்சு. கொள்ளி மாதிரி சூடு. ரெண்டு வெரலை என் உதட்டு மேல வச்சுச்சு. வச்சு சித்த நேரம் அப்படியே இருந்துச்சு. வெரலுக்கடியில துடிச்சிட்டே இருக்குது. அப்பறம் மெதுவா, கொழந்தை கண்ண மூடி விடற மாதிரி, என் வாய அமுத்தி மூடிருச்சு.

நின்னுபோச்சு.

அது எந்திரிச்சு உக்காந்துச்சு, சேலைய மாத்திட்டு வந்தர்றேன்னு மாமியாகிட்ட மட்டும் சொல்லுச்சு. மாத்திட்டு வந்துச்சு. தானா நடந்து வந்து காருல ஏறுச்சு. நான் பின்னால அது பக்கத்துல. வாயில அந்தத் தண்ணி இன்னும் இருக்குது. முழுங்கறதா துப்பறதான்னு தெரியலைங்க. ஈரோடு போய்ச் சேர்ற வரைக்கும் அப்படியே வச்சிருந்தேன். ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறப்ப என்கிட்ட ஒரு நர்ஸ் பேரு கேட்டுச்சு. அப்பத்தான் முழுங்குனேன். முழுங்கிட்டு ரேணுகாதேவின்னேன்.

உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. பத்தொம்பது நாள் வச்சிருந்து அனுப்பிட்டாங்க. சீழ் ஏறியிருச்சுன்னு கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களாமா. அவங்க முன்னாடியே போயிருந்தா இத்தனை ஆகியிருக்காது. சொல்ற பேச்சக் கேக்கோணும். டாக்டரம்மா எத்தனை தடவை ஃபோன் பண்ணாங்க.

மறுநாள் காலைல நான் வர்றதுக்கு முன்னாடியே டாக்டரம்மா வந்து, அந்த ஸ்டூல் மேல ஏறி நின்னு, திரையக் கழட்டிட்டிருந்தாங்க. நான் கழட்டறேங்கம்மான்னேன், விடலை. கழட்டிச் சுருட்டி குப்பையில போட்டாங்க. நல்ல துணிங்க, ஒண்ணரை வருஷந்தான் ஆச்சு. நான் எடுத்துட்டுப் போய் தலகாணிக்கு ரெண்டு உறை தெச்சுட்டேன். கம்பி செவுத்துல ஆணி அடிச்சது, அது வரலை. அதான் நிக்குது.

இப்ப வெளிய போர்டு வச்சாச்சு பாருங்க, ஆரம்ப மாசத்துல சத்தம் கேக்க வைக்கறதில்லைன்னு. பாதிப் பேரு போர்டப் படிச்சுட்டு நேரா பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிர்றாங்க. இருக்கறவங்களுக்கு டாக்டரம்மா நெலக்கடலையச் சொல்றாங்க.

என்னங்க? இப்பச் செஞ்சு காட்டவா? வேற எது வேணும்னாலும் கேளுங்க. மினி பஸ் ஹாரன் வேணுங்களா? குக்கரு? அந்தத் துடிப்பு மட்டும் அதுக்கப்பறம் போட்டுப் பாக்கலீங்க. அரிசி களையறப்ப தானா நாக்கு மேல போகும். போனா ஒரு வாய் சோத்துத் தண்ணி குடிச்சுக்குவேன்.

காரு சத்தம் கேக்குதுங்களா? அவங்கதான். கதவைச் சாத்தறது ரெண்டு தடவை கேக்கும், மொத தடவை செரியா மாட்டாது. பாத்தீங்களா.

ஃபாரத்துல இன்னும் என்ன பாக்கி இருக்குது? கடைசிக் கட்டம், புகாருங்களா. போன ஒரு வருஷத்துல பேஷன்ட் யாராச்சும் புகார் சொன்னாங்களான்னா? இல்லீங்க மேடம். கோடு போட்டுருங்க. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லலீங்க.